மாண்டலின் சீனிவாசுக்கு மைக் செட் போட்ட கதை

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு சங்கீதம் தெரியாது. ராகம் பேரு ஒரு பத்து பதினஞ்சு தெரியும், அதுலயும் பாதிய பாட்டை வச்சு கண்டுபிடிப்பேனே தவிர வெறும் ஆலாபனைய கேட்டு சொல்ல வராது. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல இருக்குற ஒரு ஊர்ல எங்க அப்பா மைக் செட் வச்சிருந்தாரு, அவருக்கு அப்புறம் நான், இன்னிக்கு வரைக்கும் அதே தொழில்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங், கோயில் திருவிழான்னு எல்லாத்துக்கும் போயிருக்கோம். எனக்குள்ள போன பாட்டெல்லாம் கூம்பு ஸ்பீக்கர் வழியா போனதுதான்.

ஆனா மாண்டலின் சீனிவாஸ் மட்டும் ரேடியோ வழியா வந்தாரு. நான் அப்ப ஆறாவதோ ஏழாவதோ. திருச்சி வானொலில ராத்திரி கச்சேரி ஓடுது, அப்பா ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபையர பிரிச்சுப் போட்டு ஈயம் வச்சிட்டு இருக்காரு. என்ன வாத்தியம்னு வீட்டுல சண்டை. அப்பா வீணைன்னாரு, அம்மா வீணை இவ்வளவு வேகமா ஓடாதுன்னாங்க, சித்தப்பா கிடார்னு அடிச்சு சொன்னாரு. கடைசில ரேடியோல மாண்டலின்னு சொன்னதும் மூணு பேருமே நம்பல. ஏன்னா அப்பாவுக்குத் தெரிஞ்ச மாண்டலின் பழைய சினிமாப் பாட்டுல டிரிங் டிரிங்னு நடுங்கிட்டே பின்னாடி ஓடுமே, அது. அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருக்கு. சாதாரண மாண்டலின்ல ரெண்டு ரெண்டா நாலு ஜோடி, மொத்தம் எட்டு தந்தி. ஒரு தடவை மீட்டினா சத்தம் உடனே செத்துடும், நீட்டணும்னா மீட்டிக்கிட்டே இருக்கணும். நம்ம சங்கீதத்துக்கு சத்தம் நிக்கணும், நிக்கும்போதே அத வளைக்கணும், கமகம்னு சொல்றாங்களே அது. ஜோடித் தந்திய ஒண்ணா வளைக்கறது பெரும்பாடு. சீனிவாஸ் என்ன பண்ணாருன்னா எலக்ட்ரிக் மாண்டலின் எடுத்து, ஜோடிய விட்டுட்டு அஞ்சே அஞ்சு ஒத்தைத் தந்தி போட்டுக்கிட்டாரு. தந்திக்குக் கீழ பிக்கப், தந்தி அதிர்றத கரண்டா மாத்தற சின்ன சாதனம், அதுலருந்து ஒரு ஒயரு, ஒயரு ஆம்ப்ளிஃபையருக்கு. சத்தம் நின்னுச்சு, வளைஞ்சுது, அப்பாவுக்கு வீணையா கேட்டுச்சு.

இது தெரிஞ்ச அன்னிக்கு எங்க அப்பாவுக்கு வந்த சந்தோஷத்த நீங்க பாத்திருக்கணும். மத்த வித்வான்களுக்கெல்லாம் மைக் செட்டுங்கறது ஒரு தொந்தரவு, மைக் இல்லாத காலத்துல எப்படி பாடினோம் தெரியுமான்னு எங்ககிட்டயே பெருமை பேசுவாங்க. இது ஒண்ணுதான் கரண்ட் இல்லன்னா வாயத் திறக்காத கச்சேரி. "இவரு நம்ம ஆளுடா"ன்னாரு அப்பா. அந்த ஒரு வார்த்தையில எனக்குப் பைத்தியம் புடிச்சுது.

அதுக்கப்புறம் பேப்பர்ல, புத்தகத்துல அவரப் பத்தி என்ன வந்தாலும் வெட்டி ஒரு நோட்டுல ஒட்டுவேன். 1969 பிப்ரவரி 28ல ஆந்திராவுல பாலகொல்லுல பொறந்தவரு, அஞ்சாறு வயசுல அப்பா சத்யநாராயணா வச்சிருந்த மாண்டலின எடுத்து தானா வாசிக்க ஆரம்பிச்சாரு. குருநாதர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரோட சிஷ்யர், அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவரு பாடுவாரு, பையன் அத அப்படியே தந்தியில எடுப்பான். எனக்கு இதுதான் எல்லாத்த விடவும் பெரிய விஷயமா பட்டுச்சு, ஏன்னா அவரு வாசிப்புல வேகத்த விட அந்தப் பாடற மாதிரி இழுப்புதான் என்னைப் புடிச்சது. 12 வயசுல மெட்ராஸ் டிசம்பர் சீசன்ல வாசிச்சாரு, 1983ல பெர்லின் ஜாஸ் விழாவுக்குப் போனாரு, அப்ப 14 வயசு. நான் 14 வயசுல டியூப்லைட்டு சோக் கட்டிட்டு இருந்தேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். 1994, எனக்கு 19 வயசு. பக்கத்து ஊர் பெருமாள் கோயில்ல ராமநவமி உற்சவம், பத்து நாள் கச்சேரி, பம்பாய்ல செட்டிலான ஒரு குடும்பம் செலவு பண்ணி அந்த வருஷம் சீனிவாச கூப்புட்டிருந்தாங்க. மைக் செட் நாங்க. அப்பாவுக்கு அன்னிக்குன்னு பாத்து தஞ்சாவூர்ல வேற ஒரு பெரிய ஆர்டர், "நீயே பாத்துக்க"ன்னு சித்தப்பாவ என்கூட விட்டுட்டுப் போயிட்டாரு. மூணு நாள் தூக்கம் இல்ல எனக்கு. கேசட்டோட உள்ள இருக்குமே அந்த அட்டை, அவரு படம் போட்டது, அத எடுத்து சட்டைப் பைல வச்சுக்கிட்டேன் கையெழுத்து வாங்க. என்ன பேசணும்னு மனசுக்குள்ள பத்து தடவ ஒத்திகை வேற, தெலுங்குல ஒரு வார்த்தை பேசினா சந்தோஷப்படுவாரோன்னு லாரி செட்டுல வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட ரெண்டு வரி கேட்டு வச்சிருந்தேன், சின்ன வயசுலயே மெட்ராஸ் வந்துட்டவருக்கு தமிழ் நல்லா வரும்ங்கறது கூட அப்ப ஞாபகம் வரல, லூசு மாதிரி.

மத்தியானம் மேடை கட்டும்போதே முதல் திட்டு. கமிட்டில ஒரு பெரியவர், நான் கட்டம் போட்ட நீலக் கைலில இருந்தத பாத்துட்டு "தம்பி, கச்சேரி நேரத்துல இந்தக் கோலத்துல மேடை பக்கம் வராதே"ன்னாரு. நியாயம்தான். வேட்டி மாத்திக்கலாம்னுதான் கொண்டு போயிருந்தேன், ஆனா பையோட சித்தப்பா டீ குடிக்கப் போனவரு ஆளக் காணோம். அதனால மேடைக்கு சைடுல தொங்கற துணிக்குப் பின்னாடி ஆம்ப்ளிஃபையர வச்சு நானும் அங்கயே பதுங்கிட்டேன்.

அவரு வந்து இறங்கினத நான் பாக்கவே இல்ல, உருமி மாதிரி ஒரு ஜெனரேட்டர் கத்திட்டு இருந்துச்சு, அதுக்கு டீசல் ஊத்திட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா மேடைல உக்காந்து தந்திய முறுக்கிட்டு இருக்காரு. பட்டுச் சட்டை, நெத்தில குங்குமம், அந்த சிரிப்பு. போட்டோல எல்லாத்துலயும் சிரிச்ச மாதிரியே இருப்பாரே, அது போட்டோவுக்கு இல்லைங்க, மூஞ்சியே அப்படித்தான். அவரு கேபிள நீட்டினாரு, நான் வாங்கிட்டேன், பத்து தடவ ஒத்திகை பாத்ததுல ஒரு எழுத்து கூட வாய்ல வரல.

கேபிளோட முனையில பி38 பின், கிடாருக்கெல்லாம் போடற தடிமனான பின்னு, நம்ம மிக்சர்ல சொருகினேன். அதுவரைக்கும் நான் செஞ்ச கர்நாடகக் கச்சேரி எல்லாமே மைக்தான், பாட்டுக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ரெண்டு. நேரா வாத்தியத்துலருந்து லைன் எடுக்கறது முதல் தடவை. வால்யூம் ஏத்தினா "ம்ம்ம்ம்ம்"னு ஒரே இரைச்சல். ஜனங்க திரும்பிப் பாக்கறாங்க. கமிட்டிப் பெரியவர் துணிய விலக்கி கைலிய ஒரு பார்வை பாத்தாரு. நான் பின்ன மாத்தினேன், வேற கேபிள் போட்டேன், மிக்சர்ல வேற சேனல்ல சொருகினேன், ம்ம்ம்ம். இங்க ஒண்ணு சொல்லணும், நம்ம ஊர் கரண்ட்டு 50 சைக்கிள், அந்த இரைச்சலுக்கும் ஒரு ஸ்ருதி இருக்கு, பியானோல பாத்தா கிட்டத்தட்ட ஜி கட்டைல வரும். சும்மா ஒரு பாட்டுக் கச்சேரின்னா தம்புராவோட சேந்து மறைஞ்சாலும் மறைஞ்சிருக்கும். அன்னிக்கு அவரு வச்ச ஸ்ருதிக்கு அது சேரவே இல்ல, ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது.

எனக்கு கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அவரப் பாத்தேன். வேற யாரா இருந்தாலும் எழுந்து போயிருப்பாங்க, இல்ல மைக்லயே ஒரு வார்த்தை விட்டிருப்பாங்க, அப்படி நான் வாங்கியிருக்கேன் வேற இடங்கள்ல. இவரு ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்துக்கிட்டே இடது கைய தந்தி மேல வச்சாரு. இரைச்சல் குறைஞ்சுது. கைய எடுத்தாரு. ம்ம்ம்ம். திரும்ப வச்சாரு. குறைஞ்சுது. எடுத்தாரு. ம்ம்ம்ம். அவ்வளவுதான். சிரிச்சாரு.

அந்த நேரத்துலதான் மண்டைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. மனுஷன் கை வச்சா இரைச்சல் குறையுதுன்னா அந்த மனுஷன்தான் எர்த்து! இரைச்சல் போறதுக்கு வேற வழி இல்லாம அவரு உடம்பு வழியா தரைக்குப் போகுது. அப்ப நம்ம எர்த்து செத்துப் போச்சு. கோயில் மீட்டர் போர்டுலருந்து லைன் எடுத்திருந்தோம், எர்த் கம்பி கிணத்தடில அடிச்சிருந்த ஒரு குழாய்ல கட்டியிருக்கும். ஓடிப் போய் பாத்தா கம்பி சரியாத்தான் இருக்கு, ஆனா சித்திரை வெயில்ல மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. காஞ்ச மண்ணுல எர்த்து எங்க வேலை செய்யும். மடப்பள்ளிக்குள்ள பாஞ்சேன், கைலியோட, அங்க ஒரு குடம் தண்ணி இருந்துச்சு, எடுத்துட்டேன், பக்கத்துல கல்லுப்பு ஜாடி, அதுலருந்து ரெண்டு கை அள்ளிட்டேன். பின்னாடி மடப்பள்ளிக்காரர் கத்தினது இன்னும் காதுல இருக்கு. குழாய சுத்தி உப்பப் போட்டு தண்ணிய ஊத்தினேன், சுருசுருன்னு உறிஞ்சுச்சு, கிணத்துல இன்னும் ரெண்டு வாளி இறைச்சு ஊத்தினேன். அப்புறம் அலங்கார லைட்டு சீரியல் செட்டும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே லைன்ல இருந்தத பிரிச்சு, சீரியல் செட்ட ஜெனரேட்டர்ல போட்டேன்.

திரும்பி வந்தா இரைச்சல் முழுசா போகல, ஆனா கூர்ந்து கேட்டாத்தான் கேக்கும். அவரு கைய எடுத்துப் பாத்தாரு. திரும்ப வைக்காம அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாரு. அப்புறம் என் பக்கம் பாத்து தலைய ஒரு ஆட்டு. வர்ணத்துல ஆரம்பிச்சுட்டாரு.

புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு இத நான் இப்பவும் சொல்லுவேன். எலக்ட்ரிக் வாத்தியம் எதுவா இருந்தாலும், கீபோர்டோ கிடாரோ மாண்டலினோ, கலைஞர் மேடை ஏறதுக்கு முன்னாடியே நீ போய் எர்த்த பாரு. மழை இல்லாத மாசம்னா முந்தின நாளே தண்ணி ஊத்து, காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. டெஸ்டர எடுத்து மைக் உடம்புலயும் வை, வாத்தியத் தந்திலயும் வை, லேசா எரிஞ்சா கூட கலைஞர உக்கார வைக்காதே. இரைச்சல் வெறும் தொந்தரவுதான், ஆனா எர்த்து இல்லாத செட்ல ஒரு கை தந்தில, உதடு மைக்லன்னு வச்சா சுருக்குனு இழுக்கும், ஆளே போயிடலாம். மேடையில இருக்குற எல்லாத்துக்கும் ஒரே பாயிண்ட்லருந்து லைன் எடு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு எடுத்தா ரெண்டு எர்த்துக்கு நடுவுல இரைச்சல் சுத்திக்கிட்டே இருக்கும். ஆம்ப்ளிஃபையர் ஒயர்ல மூணாவது பின்ன, அதாவது எர்த் பின்ன, வெட்டிட்டு இரைச்சல் போச்சுன்னு சொல்றவன் செட்டுக்குப் போகாதே. இதெல்லாம் அன்னிக்கு எனக்குத் தெரியாது, அவரு இத்தனையும் வாயத் திறக்காம கையால கத்துக்குடுத்துட்டாரு.

கச்சேரி பத்தி என்னத்த சொல்ல. மூணு மணி நேரம் துணிக்குப் பின்னாடி நின்னு, அவரோட முதுகும் வலது தோளும் மட்டும் தெரியற மாதிரி ஒரு இடம். நடுவுல தனி ஆவர்த்தனம் போயிட்டு இருக்கும்போதே ஒரு பெரிய மனுஷனுக்கு பொன்னாடை போத்தணும்னு கமிட்டில ஒருத்தர் மேடை ஏறப் பாத்தாரு, மிருதங்கக்காரர் பாத்த பார்வையில இறங்கிட்டாரு. தயவு செஞ்சு யாரும் அத செய்யாதீங்க. பாட்டு வேணும்னு சீட்டு எழுதி அனுப்பறவங்களும், கச்சேரி தொடங்கறதுக்கு முன்னாடி, இல்ல ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல குடுங்க, ஒரே ஒரு பாட்டு எழுதுங்க, சினிமாப் பாட்டு லிஸ்ட் போடாதீங்க. அன்னிக்கு பதினோரு சீட்டு வந்துச்சு, அதுல ஆறேழு ஒரே பாட்டு, ரகுவம்ச சுதா. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகல ராகத்துல பண்ணது, அவரு வாசிச்சு வாசிச்சு அந்தப் பாட்டே மாண்டலினுக்குன்னு பண்ணது மாதிரி ஆயிடுச்சு ஜனங்களுக்கு. ராமநவமிக்குப் பொருத்தமும் கூட. அத எடுத்தாரு பாருங்க, மதில் மேல உக்காந்திருந்த பசங்க கூட பீடிய கீழ போட்டுட்டாங்க. குதிச்சு குதிச்சு ஓடற பாட்டு, விரல் எங்க போகுதுன்னே தெரியல, ஆனா ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா, உதிர்ந்த சாதம் மாதிரி. நான் ரெண்டு கையாலயும் ஆம்ப்ளிஃபையர புடிச்சிட்டு நின்னேன், ஏன்னு தெரியல.

கச்சேரி முடிஞ்சதும் ஜனங்க மேடையில ஏறிட்டாங்க. ஒரு அம்மா மகள முன்னாடி தள்ளி பாடிக் காட்டுடீன்னு சொல்றாங்க, ஒருத்தர் மாண்டலின தொட்டுப் பாக்கறேன்னு கைய நீட்டறாரு, இன்னொருத்தர் அவரு மாதிரி இல்ல, இவரு மாதிரி இல்லன்னு வேற வித்வானோட ஒப்பிட்டு பாராட்டறாரு. மூணு மணி நேரம் வாசிச்ச மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது, ஒரு வாய் தண்ணி குடிக்க விடல. அவரு எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கிட்டே இருக்காரு. எனக்கு சட்டைப் பைல அட்டை இருக்கு, பேனா இருக்கு, அஞ்சடி தூரம். கைலி இருக்கே. போகல. கேபிள் சுத்த ஆரம்பிச்சேன்.

ஜமக்காளத்த தூக்கினப்போ அடில ஒரு பிக் கிடந்துச்சு, மீட்டறதுக்கு விரல்ல புடிச்சிருப்பாங்களே சின்னதா முக்கோணமா, அது. ஓரம் தேஞ்சு போயிருந்துச்சு. கைல எடுத்தேன். அதுக்குள்ள அவரு வண்டி ஏறப் போயிட்டாரு. நான் என்ன பண்ணிருக்கணும்? பையில போட்டிருக்கணும். எவனா இருந்தாலும் அததான் பண்ணிருப்பான். எனக்கு என்னமோ நாளைக்குக் கச்சேரில இது இல்லாம என்ன பண்ணுவாருன்னு தோணுச்சு, கேபிள அப்படியே போட்டுட்டு ஓடினேன், கார் கண்ணாடிய தட்டினேன், உள்ளங்கைல வச்சு நீட்டினேன். அவரு எடுத்துக்கிட்டாரு. சினிமாவா இருந்தா நீயே வச்சுக்கன்னு திருப்பிக் குடுத்திருப்பாரு, இங்க எடுத்துக்கிட்டாரு, நிஜமாவே தேவைப்பட்டிருக்கும் போல. சிரிச்சாரு, தலைய ஆட்டினாரு, ரெண்டு விரலால காத்துல தந்தி மேல கை வைக்கற மாதிரி ஒரு சைகை காட்டினாரு. வண்டி போயிடுச்சு.

சித்தப்பா அப்பத்தான் பையோட வந்து சேந்தாரு. விஷயத்த சொன்னதும் தலைல அடிச்சுக்கிட்டாரு. "குடுத்துட்டியா? போடா பைத்தியக்காரா." அன்னிலருந்து சொந்தக்காரங்க எந்த விசேஷத்துல சந்திச்சாலும் இந்தக் கதையதான் சொல்லி சிரிக்கறாங்க.

ரெண்டாவது தடவை பாத்தது மெட்ராஸ்ல, 2000 வாக்குல. அப்ப அவரு உலகம் பூரா சுத்திட்டு இருந்த நேரம், பத்மஸ்ரீ 1998லயே வந்தாச்சு, தபலா ஜாகிர் உசேன், கிடார் ஜான் மெக்லாக்லின்னு அவங்களோட ரிமெம்பர் சக்திங்கற குழுவுல வாசிக்கறாரு. நான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மிக்சர் ஸ்பேர் வாங்கப் போனவன், டிசம்பர் மாசம், ஒரு சபால அவரு கச்சேரின்னு பேப்பர்ல பாத்து, தம்பி ராஜேஷும் கூட வாசிக்கறாருன்னு போட்டிருந்துச்சு, ஊருக்குப் போற பஸ்ஸ விட்டுட்டு டிக்கெட் வாங்கிட்டேன். இந்த தடவ வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தலைல எண்ணெய். அதே கேசட் அட்டையயும் ஊர்லருந்தே பர்சுல வச்சிருந்தேன், ஆறு வருஷமா பர்சுலயேதான் இருந்துச்சு அது.

கச்சேரி முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி வரிசை. முன்னாடி இருபது பேர், பின்னாடி முப்பது பேர். என் முறை வந்தப்போ நான் பேசினேன் பாருங்க, இன்னிக்கு நெனச்சாலும் கூசுது. "சார் என்னை ஞாபகம் இருக்கா சார், ராமநவமி, எர்த்து, மடப்பள்ளி உப்பு, பிக் சார் பிக்"னு மூச்சு விடாம ஒரே கொட்டு. அந்த மனுஷன் வருஷத்துக்கு எத்தனை மேடை ஏறியிருப்பாரு, எத்தனை மைக் செட் பையன பாத்திருப்பாரு. சிரிச்சாரு, அதே சிரிப்புதான், ஆனா ஞாபகம் இல்லங்கறது கண்ணுல தெரிஞ்சுது, என்னை சங்கடப்படுத்தக் கூடாதேன்னு தலையும் ஆட்டினாரு. பின்னாடி இருக்கறவங்க தள்ளறாங்க. பெரியவங்களப் பாக்கப் போறவங்க யாரும் அந்தக் கேள்விய மட்டும் கேட்டுடாதீங்க. ஊர் பேரு, ஒரு பாட்டு பேரு, அந்தப் பாட்டுல எந்த இடம் புடிச்சுதுன்னு ஒரு வரி, அது போதும், அவங்களுக்குப் பதில் சொல்லவும் சுலபம். ஞாபகம் இருக்கான்னு கேட்டா பாவம் அவங்கதான் முழிக்கணும்.

இன்னொரு கோமாளித்தனம், பேனா. கேசட் அட்டை வழவழன்னு இருக்கும், பால் பாயிண்ட் எழுதவே எழுதாது. அவரு ரெண்டு தடவ அழுத்திப் பாத்தாரு, கோடுதான் விழுந்துச்சு. பின்னாடி நின்ன ஒரு காலேஜ் பொண்ணு இங்க் பேனா குடுத்துச்சு. போட்டாரு கையெழுத்து. நான் வாங்கின சந்தோஷத்துல காயறதுக்கு முன்னாடியே பர்சுக்குள்ள மடக்கி வச்சேன், தி.நகர் பஸ் ஸ்டாண்டுல எடுத்துப் பாத்தா பாதி இழுவிக்கிட்டு எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்துச்சு. மிச்சம் பாதிய ஃப்ரேம் போட்டு கடைல மாட்டினேன், எதிர் வெயில் அடிக்கற சுவரு, நாலஞ்சு வருஷத்துல அதுவும் வெளுத்துப் போச்சு. அதனால கேட்டுக்கங்க, வழவழப்பான அட்டைக்கு சிடில எழுதற மார்க்கர் பேனா எடுத்துட்டுப் போங்க, ஒரு நிமிஷம் ஊதிக் காய வைங்க, வெயில் படற இடத்துல மாட்டாதீங்க. இத எழுதும்போது நிமிந்து பாக்கறேன், ஒரு ஆங்கில யூவோட வாலு மாதிரி ஒண்ணு மட்டும் மங்கலா தெரியுது, அதுவும் தூசியான்னு சந்தேகம்.

யோசிச்சுப் பாத்தா சிரிப்பா வருது. கைலியோட, ஒரு வார்த்தை பேசாம, துணிக்குப் பின்னாடி நின்னப்போ அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு பேச்சு நடந்துச்சு. சட்டை இஸ்திரி போட்டு டிக்கெட் வாங்கி வரிசைல நின்னு வாய் கிழியப் பேசினப்போ ஒண்ணுமே நடக்கல.

மூணாவது தடவ போயிருக்கணும். மகளுக்கு வயலின் சொல்லிக்குடுத்துட்டு இருந்தோம், அவள கூட்டிட்டுப் போய் காட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. 2013 டிசம்பர்ல கிளம்பற மாதிரிதான் இருந்தோம், ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சு, நல்ல பணம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். 2014 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, ஒரு வளைகாப்புக்கு பாக்ஸ் இறக்கிட்டு இருக்கேன், மகள் போன் பண்ணி "அப்பா டிவி பாத்தியா"ன்னா. கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரில இருந்தவரு போயிட்டாராம். 45 வயசு. அன்னிக்கு பாக்ஸ்ல போட வேண்டியது வளைகாப்புப் பாட்டு, போட்டுத்தான் ஆகணும், போட்டேன். கேசட்டு வேன்லயே இருந்துச்சு, ஆனா வேன்ல பிளேயர் எப்பவோ போயிடுச்சு.

போன மாசம் அந்தக் கமிட்டிப் பெரியவரோட பேரன் கடைக்கு வந்தான், தாத்தா தவறிட்டாரு, வீட்ட இடிச்சுக் கட்டறோம், ஆல்பத்துல ஒண்ணு இருந்துச்சு உங்களுக்கு வேணுமான்னு ஒரு போட்டோவ நீட்டினான். ராமநவமி கச்சேரி, ஸ்டுடியோக்காரர் எடுத்தது, கலரு கொஞ்சம் சிவந்து போயிருக்கு. நடுவுல அவரு, இடது கை தந்தி மேல, மூஞ்சி கேமராவப் பாக்காம சைடுல எங்கயோ பாத்து சிரிக்குது. அவரு பாக்கற பக்கம் துணி விலகியிருக்கு, அந்த இடுக்குல ஒரு முழங்கை, அதுக்குக் கீழ கொஞ்சம் கட்டம் போட்ட நீலக் கைலி.

கடைப் பையன் எட்டிப் பாத்துட்டு "யாருண்ணே இது, கச்சேரில கைலி கட்டிட்டு"ன்னான்.